மாமாவின் அக்கோர்டியனும் உப்புப் பூத்த அலுமினியமும்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீடு இருக்கும் மணல் நிலத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வாடைக்காற்று வீசும் மாதங்களில் யன்னல் கண்ணாடியை விரலால் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். இந்த ஊரில் சைக்கிள் கம்பியும் படலைக் கொளுக்கியும் துருப்பிடிப்பதை எவரும் புதுமையாகப் பேசுவதில்லை. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இரும்புக்கும் உப்புக்காற்றுக்கும் உள்ள பகை பாலர் வகுப்பிலேயே தெரிந்துவிடும். ஆனால் அலுமினியத்தைப் பற்றி எங்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அது துருப்பிடிக்காது, ஆகவே அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். தோளில் மாட்டி, துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கும் மாமாவின் அக்கோர்டியன் என் கைக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாமா என் தாயின் தமையனார். நத்தார்க் காலத்தில் வீடு வீடாகச் செல்லும் கரோல் குழுவுக்கு வாசித்தவர். பறங்கியர் திருமண வீடுகளில் வயலின்காரருக்குப் பக்கத்தில் நின்று அவர்களுடைய கஃப்ரிஞ்ஞா நடனத்துக்கும் வாசித்தவர். அவருடைய வாத்தியம் ஜெர்மனியில் செய்யப்பட்டது; வலப்பக்கம் 34 கட்டைகள், இடப்பக்கம் 72 பாஸ் பொத்தான்கள், செலுலொயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கைச் சிவப்பு நிறத்தில் போர்த்திய மர உடல். கட்டைகளுக்கு மேலே, ஒலி வெளிவரும் முகப்பில், துளைகள் வெட்டி எழுத்துப் புடைத்த ஓர் அலுமினியத் தகடு. அதன் ஓரத்தைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒரு மெல்லிய பட்டி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியபோது, அக்கோர்டியன் பெட்டியோடு அலுமாரியின் உச்சியில் இருந்தது. தண்ணீர் அதைத் தொடவில்லை. ஆனால் குடும்பம் உறவினர் வீட்டில் தங்கியிருந்த பல மாதங்கள், உப்புநீர் ஊறிய சுவர்களுக்கு நடுவே, பூட்டிய அறையில் அது கிடந்தது. அதன் பிறகு மாமா அதிகம் வாசிக்கவில்லை. அவர் காலமான பின் பெட்டி திறக்கப்படவே இல்லை.

மாமி அதை என்னிடம் தந்தபோது முகப்புத் தகட்டைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். “மனே, மாமா இதில முகம் பார்த்துத் தலை இழுப்பார். இப்ப பாரு, சாம்பல் பூத்த மாதிரிக் கிடக்கு” என்றார். அவர் சொன்னது மிகையல்ல. தகடு முழுவதும் மங்கிய சாம்பல் படலம். துளைகளின் ஓரங்களில் வெண்பொடி. பெட்டியின் ஈரமான உட்துணி தொட்டுக்கொண்டிருந்த கீழ் மூலையில், கடுகளவு வெள்ளைப் பொருக்குகள் நெருக்கமாக எழும்பியிருந்தன. அந்தத் தகட்டில் மீண்டும் முகம் தெரிய வேண்டும் என்று அன்று எண்ணினேன். அந்த வேலையில் நான் கற்றவற்றை, செய்த பிழைகளோடு சேர்த்தே இங்கே எழுதுகிறேன்; இதே கரையோரத்தில், இதே நிலையில், இன்னும் எத்தனையோ அக்கோர்டியன்களும் பான்ட் வாத்தியங்களும் அலுமாரிகளின் மேல் இருக்கின்றன.

முதற் பிழை என் கையாலேயே நேர்ந்தது. குத்துவிளக்கையும் பித்தளைக் குடத்தையும் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பது எங்கள் வீடுகளின் பழைய கைப்பழக்கம். அதையே தகட்டின் ஒரு பகுதியில் செய்து பார்த்தேன். உடனே வெளுத்தது, மகிழ்ந்துபோனேன். மூன்று நாட்களின் பின் பார்த்தபோது, தேய்த்த இடத்தில் முன்பு இல்லாத புதிய வெண்புள்ளிகள் பூத்திருந்தன. பித்தளையில் உள்ள கறுப்பு, செம்பின் ஒட்சைட்டு. புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்து அதைக் கரைத்து எடுத்துவிடும், அடியில் உள்ள உலோகத்துக்குப் பெரிய கேடில்லை. அலுமினியத்தில் அமிலம் மேல்தோலைக் கரைக்கும்; அந்த வேளையில் அருகிலேயே உப்பு இருந்தால், தோல் உரிந்த இடத்தில் அது புகுந்துவிடும். கறுத்த அலுமினியப் பானையில் புளித்தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உட்புறம் வெளுக்கும் என்பது உண்மைதான். பானையின் தடிப்பும் வேறு, அதைப் பிறகு எத்தனை முறை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் வேறு. சாம்பலும் பொச்சும் (தேங்காய் மட்டை நார்) போட்டுத் தேய்ப்பது அதைவிடக் கெடுதி. சாம்பல் காரத்தன்மை உடையது. அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பொச்சு போடும் கீறலோ பிறகு நிரந்தரமாக நின்றுவிடும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் வாத்தியத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவர். எனக்கு மச்சான் முறையான அவர், மீன்பிடித் தோணிகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்துபவர். அந்த இயந்திரங்களின் உடலும் அலுமினியக் கலப்புலோகம்தான். ஆயுள் முழுவதும் உப்புநீரில் நிற்பவை. தகட்டைக் கையில் வாங்கிய அவர், துணியை எடுக்கவில்லை. நகத்தால் ஒரு பொருக்கைக் கிள்ளிப் பார்த்தார். “மச்சான், இது ஊத்தை இல்ல, உப்பு. அடியில இருக்கிற உப்ப நல்ல தண்ணியால எடுக்காம நீ எதப் பூசினாலும் அது உள்ளுக்க இருந்து தின்னும்” என்றார். கடலுக்குப் போய்வந்த இயந்திரத்தை நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி ஓடவிட்டுக் கழுவுவதும், அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரையட்டும் என்று இயந்திரத்தின் காலில் ஒரு நாகக் (துத்தநாகக்) கட்டியைப் பூட்டி வைப்பதும் அவருக்கு அன்றாட வேலை. மினுக்கத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு அவர் உப்பைப் பற்றிப் பதில் சொன்னார். அதுதான் சரியான பதில் என்பதைப் பிறகு புத்தகங்களைப் புரட்டி உறுதிசெய்துகொண்டேன்.

அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே தன்மேல் ஒரு தோலைப் போர்த்துக்கொள்கிறது. அந்த ஒட்சைட்டுத் தோலின் தடிப்பு இரண்டு முதல் நான்கு நனோமீற்றர் வரைதான். ஒளியை மறைக்க அது போதாது. ஆகவே, “காற்றுப் பட்டு அலுமினியம் மங்கிவிட்டது” என்று சொல்வது முழுச் சரியல்ல. மினுங்கும் அலுமினியமும் அந்தத் தோலோடுதான் மினுங்குகிறது. இரத்தினபுரியில் தோண்டி எடுக்கப்படும் நீலக்கல்லும் மாணிக்கமும் இதே அலுமினியம் ஒட்சைட்டின் பளிங்கு வடிவங்களே என்பதை எண்ணும்போது, அத்தனை மெல்லிய தோல் அத்தனை உறுதியாக உலோகத்தைக் காப்பதில் வியப்பில்லை. கீறினாலும் கணத்தில் மீண்டும் வளரும். ஆனால் உப்பிலுள்ள குளோரைட்டு கலந்த ஈரத்தில் இந்தத் தோல் ஆங்காங்கே துளைபடுகிறது. துளைபட்ட இடத்தில் அரிப்புப் பக்கவாட்டில் பரவாமல் கீழ்நோக்கிக் குழியாக இறங்குகிறது. மேலே நாம் காணும் வெண்பொருக்கு, அந்தக் குழியிலிருந்து வெளித்தள்ளப்பட்ட ஐதரொட்சைட்டு. பொருக்கை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டுக் குழிக்குள் இருக்கும் உப்பை விட்டுவிட்டால், மெருகுக்கு அடியிலேயே அரிப்புத் தொடரும்.

வெயில் காலத்தில் உப்புக் காய்ந்துவிடாதா என்று மச்சானிடம் கேட்டேன். காயாது என்றார், காரணம் சொல்லவில்லை. காரணம் இதுதான். தூய சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போதுதான் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அதற்கு 33 வீதமே போதும். மட்டக்களப்பில், கச்சான் காற்று வீசி உதடு வெடிக்கும் ஆடி மாதத்திலும் ஈரப்பதன் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. எனவே தகட்டின்மேல் படிந்த கடல் உப்பு, நம் கண்ணுக்கு உலர்ந்த தூசியாகத் தெரிந்தாலும், ஆண்டு முழுவதும் நுண்ணிய ஈரமாகவே இருக்கிறது. வாசிப்பவரின் வியர்வையும் அதே உப்பைத்தான் சேர்க்கிறது.

இங்கே சிறிது வரலாறு சொல்ல ஆசைப்படுகிறேன். அலுமினியத்தை 1825ஆம் ஆண்டு டென்மார்க்கின் எர்ஸ்டெட் முதன்முதலில் பிரித்தெடுத்தார். வியன்னாவில் சிரில் டெமியன் அக்கோர்டியன் என்ற பெயரில் தன் வாத்தியத்துக்கு உரிமம் பெற்றது 1829இல். நான்கு ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டும் நெடுங்காலம் சந்திக்கவில்லை. 1886இல் ஹோலும் ஹெரூவும் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைத் தனித்தனியே கண்டறியும்வரை, அது வாத்தியத்தில் வைக்கக்கூடிய விலையில் இருக்கவில்லை. பிறகு, இருபதாம் நூற்றாண்டில், தோளில் சுமக்க வேண்டிய இந்த வாத்தியத்துக்கு அலுமினியம் போல உதவிய உலோகம் வேறில்லை. ஒரு கன சென்ரிமீற்றர் இரும்பின் நிறை ஏறத்தாழ 7.9 கிராம், அலுமினியத்தின் நிறை 2.7 கிராம் மட்டுமே. முகப்புத் தகடு, கட்டைகளிலிருந்து மூடிகளுக்குச் செல்லும் கம்பிகள், உள்ளே ரீட்கள் எனப்படும், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாக்குகள் பொருத்தப்பட்ட தட்டுகள் என்று எண்ணிப் பார்த்தால், மரத்துக்கு அடுத்தபடி அக்கோர்டியனில் அதிகம் இருப்பது அலுமினியம்தான் என்று தோன்றுகிறது.

இனி வேலைக்கு வருகிறேன். மெருகுப் பசையை எடுப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கையில் இருப்பது எது? வாத்தியத்தில் வெள்ளையாக மினுங்குவதெல்லாம் அலுமினியம் அல்ல. காந்தம் ஒட்டினால் அது நிக்கல் அல்லது குரோம் பூசிய இரும்பு. துருத்தியின் மூலைக் காப்புகளும் வார்ப்பட்டி வளையங்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அலுமினியம் என்று தெளிந்த பின்னும், அது வெறும் உலோகமா, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசப்பட்டதா, அல்லது அனோடைஸ் செய்யப்பட்டதா (மின்சாரத்தால் தோல் தடிப்பாக்கப்பட்டதா) என்று பார்க்க வேண்டும். இதற்கு, மின்சாரம் பாய்ந்தால் சத்தமிடும் நிலையில் வைத்த ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். இரு முனைகளையும் மெதுவாகத் தகட்டில் வைக்கும்போது சத்தம் எழுந்தால் அது வெறும் அலுமினியம். எழாவிட்டால் மின்சாரத்தைத் தடுக்கும் ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது. பஞ்சுக் குச்சியில் சிறிது தின்னர் தொட்டு, மறைவான ஓரத்தில் வைத்தால் வார்னிஷ் இளகும், அனோடைஸ் இளகாது. இந்தத் தின்னர்ச் சோதனையைத் தகட்டை வாத்தியத்திலிருந்து கழற்றி எடுத்த பின்னரே செய்ய வேண்டும். ஒரு துளி செலுலொயிட்டில் விழுந்தால் அந்த இடம் கரைந்து குழிந்துவிடும்.

மாமாவின் அக்கோர்டியனில் முகப்புத் தகடு வெறும் அலுமினியம். பொன்னிறப் பட்டி அனோடைஸ் செய்யப்பட்டது. இந்த வேறுபாட்டை நான் அறிவதற்கு முன்பே, இரண்டையும் சேர்த்து நகரத்திலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கே சுழலும் பஃப் சக்கரத்தில் பட்டியின் ஒரு முனையைப் பிடித்த கணத்தில், விரல் நீளத்துக்குப் பொன்னிறம் போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. அதைக் கண்டதும் போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த விரல் நீளம் இன்றும் அப்படியே இருக்கிறது. வீட்டில் வைத்து அதற்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அனோடைஸ் என்பது சல்பூரிக் அமிலத்தில் உலோகத்தை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தி, அதன் இயற்கைத் தோலைப் பல ஆயிரம் மடங்கு தடிப்பாக வளர்க்கும் முறை. அப்படி வளர்ந்த தோலின் தடிப்பு வழக்கமாக ஐந்து முதல் இருபத்தைந்து மைக்குரோமீற்றர். அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி, பிறகு கொதிநீரில் துளைகளை மூடிவிடுகிறார்கள். சாயம் அந்தத் தோலுக்குள் வாழ்கிறது. தோல் போனால் சாயமும் போகும். ஆகவே பொன்னிறமோ வேறு நிறமோ உள்ள அலுமினியப் பாகத்தில் மெருகுப் பசை, வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்), சக்கரம் எதுவும் படக் கூடாது. மென்மையான சவர்க்கார நீர், மென்துணி, அவ்வளவுதான். கோஸ்டிக் சோடாவால் பழைய அனோடைஸைக் கரைத்து எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அது தோலைக் கரைத்த கையோடு உலோகத்தையும் கரைக்கும், தீப்பற்றும் ஐதரசனை வெளியிடும், கண்ணில் தெறித்தால் பார்வையைப் பறிக்கும். ஒரு வாத்தியத்தின் ஓரப்பட்டிக்காக வீட்டில் செய்யத் தக்க வேலை அல்ல அது.

வெறும் அலுமினியத் தகட்டுக்கான வேலை கழுவுதலில் தொடங்குகிறது. என் கணக்கில் பாதி வேலை அதிலேயே முடிகிறது. தகட்டைப் பிடித்திருந்த சிறு திருகாணிகளைக் கழற்றி, எது எந்தத் துளைக்குரியது என்று ஒரு அட்டையில் குத்தி வைத்துக்கொண்டேன். தகட்டின் பின்புறம் ஒட்டியிருந்த மெல்லிய துணியை மெதுவாக உரித்தேன். அது எப்படியும் இற்றுப்போயிருந்தது. எங்கள் கிணற்று நீர் சிறிது சவர்; அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். ஆகவே மழைநீர்த் தாங்கியிலிருந்து எடுத்த தண்ணீரை இளஞ்சூடாக்கி, கோப்பை கழுவும் திரவம் சில துளி விட்டு, தகட்டை அரை மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு மென்மையான பல்துலக்கியால் துலக்கினேன். தண்ணீரை மாற்றி மீண்டும் ஊறவைத்தேன். இப்படி மூன்று நாட்கள், நாளுக்கு இருமுறை. குழிக்குள் புகுந்த உப்பு உடனே வெளியே வராது. அதற்குத் தண்ணீரும் நேரமும் தேவை. இந்தப் பொறுமை இல்லாதவர் மெருகைத் தொடாமலே இருப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

துளைகளின் ஓரத்தில் இறுகிய பொருக்கை எடுக்க ஊசியையோ கத்தி முனையையோ பயன்படுத்தவில்லை. தென்னை ஈர்க்கைச் சரிவாகச் சீவினால் கிடைக்கும் முனை, பொருக்கைக் கிளப்பும் அளவு உறுதியானது. அலுமினியத்தைக் கீறும் அளவு கடினமானதல்ல. ஏறத்தாழ நாற்பது ஈர்க்கு முனைகள் தேய்ந்தன. பாத்திரம் தேய்க்கும் இரும்புத் தும்பை மட்டும் எவரும் கையில் எடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதன் நுண்ணிழைகள் முறிந்து, மென்மையான அலுமினியத்தில் பதிந்துவிடும். உப்பீரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் ஒரு சிறு மின்கலமாகிறது. அதில் தேய்வது அலுமினியமே. இன்று மினுங்கும் தகட்டில் அடுத்த மழைக்காலத்தில் ஊசி முனையளவு குழிகள் நூற்றுக்கணக்கில் தோன்றும்.

கழுவி, மின்விசிறியின் கீழ் ஒரு நாள் உலர்த்திய பின், எவ்வளவு மினுக்கம் வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. தகட்டின் மேல் விளிம்பு பொன்னிறப் பட்டிக்கு அடியில் இரண்டு மில்லிமீற்றர் மறைந்திருந்தது. அங்கே ஆலையில் இட்ட மெருகு காற்றும் கையும் படாமல் அப்படியே இருந்தது. அது குரோமைப் போலக் கூர்மையாகப் பிரதிபலிக்கவில்லை. சிறிது பால் கலந்த வெண்மையோடு, முகத்தின் வடிவம் தெரியும்படி, ஓரங்கள் மட்டும் மென்மையாக இருந்தன. அந்த இரண்டு மில்லிமீற்றரையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதைவிடக் கூடுதலாக மினுக்குவது சாத்தியம்தான்; ஆனால் அது மாமா வாங்கிய வாத்தியத்தின் முகமாக இருக்காது.

குழிப்புள்ளிகள் இருந்த கீழ் மூலையில் மட்டும் வோட்டர் பேப்பர் தேவைப்பட்டது. ஆயிரம் இலக்கத்தில் தொடங்கினேன்; இலக்கம் ஏற ஏறத் தாளின் சொரசொரப்புக் குறையும். நானூறில் தொடங்குவோர், பிறகு நானூறின் கீறல்களை எடுப்பதிலேயே தகட்டைத் தேய்த்துவிடுவார்கள். தாளை ஓர் அழிறப்பரில் சுற்றி, சவர்க்கார நீரில் நனைத்து, ஒரே திசையில் இழுக்க வேண்டும். பிறகு ஆயிரத்து ஐந்நூறு, அதற்குக் குறுக்குத் திசையில். முந்தைய கோடுகள் முற்றாக மறைந்த பின்னரே இரண்டாயிரம். தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆழமான குழியின் அடியைத் தொடும்வரை தேய்த்தால் தகடு அலையலையாகிவிடும். ஆகவே ஆழமான ஏழெட்டுக் குழிகளை, உட்புறம் சுத்தமாக இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, அப்படியே விட்டேன். புடைத்த எழுத்துகளின் மேல் தாளைக் கொண்டுபோகவே இல்லை. எழுத்தின் உச்சிதான் முதலில் தேயும். தேய்ந்த எழுத்தை எவராலும் மீண்டும் புடைக்க வைக்க முடியாது.

அதன் பின் மெருகுப் பசை. அலுமினியத்துக்கும் ஏற்றது என்று குறிப்பிடப்பட்ட, மோட்டார் சைக்கிள் எஞ்ஜின் மூடிக்குப் பூசும் வெண்பசையில் பயறளவு எடுத்து, பலமுறை துவைத்துப் பஞ்சாகிய பழைய சாரத் துணியால் தேய்த்தேன். தேய்த்தவுடன் துணி கறுத்தது. வேறு துணியை எடுத்தேன், அதுவும் கறுத்தது. இங்கேதான் பலரும் தவறிப்போகிறார்கள் என்பது என் எண்ணம். கறுப்பு வருவதால் இன்னும் ஊத்தை இருக்கிறது என்று எண்ணி, துணி வெள்ளையாக வரும்வரை தேய்க்கிறார்கள். துணி ஒருபோதும் வெள்ளையாக வராது. அந்தக் கறுப்பு ஊத்தை அல்ல; பசை அரைத்து எடுத்த நுண்ணிய அலுமினியத் துகள்கள். கட்டியாக இருக்கும்போது தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும் அதே உலோகம், மிக நுண்ணிய பொடியாகும்போது ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரிகிறது. ஆகவே துணியைப் பார்த்து வேலையின் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. தகட்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். என் அளவுகோலாகிய அந்த மேல் விளிம்போடு நடுப்பகுதி ஒத்துப்போன கணத்தில் நிறுத்தினேன். கடைசித் தேய்ப்பை மட்டும் தகட்டின் நீளவாக்கில், பாரமில்லாமல், பசையில்லாத துணியால் செய்தேன். பிறகு மீண்டும் மழைநீரில் கழுவி, துளைகளில் ஒதுங்கிய பசையை ஈர்க்கால் எடுத்து, உலர்த்தினேன். இந்த வேலை முழுவதையும் வாத்தியம் இருந்த அறையில் செய்யாமல், பின் விறாந்தையில் செய்தேன். அந்தக் கறுப்புத் துகள் ரீட்டுக்குள் போனால் என்னவாகும் என்பதை எண்ணியே அப்படிச் செய்தேன்.

ரீட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கோர்டியனின் ஒவ்வொரு ரீட் தட்டிலும் இரண்டு உருக்கு நாக்குகள், பக்கத்துக்கு ஒன்றாக, ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கின்றன. துருத்தி விரியும்போது ஒன்று ஒலிக்கும், சுருங்கும்போது மற்றது. நாக்குக்கும் தட்டின் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். பல வாத்தியங்களில் அந்தத் தட்டு டியூரலுமின் எனப்படும் கலப்புலோகத்தால் ஆனது. ஜெர்மனியில் அல்ஃபிரட் வில்ம் 1906ஆம் ஆண்டளவில் கண்டறிந்த இந்தக் கலப்பில் ஏறத்தாழ நான்கு வீதம் செம்பு சேர்ந்திருக்கிறது. செம்பு உறுதியைத் தருகிறது, ஆனால் உப்பீரத்தைத் தாங்கும் வலிமையைக் குறைக்கிறது. அதோடு உருக்கு நாக்கும் அலுமினியத் தட்டும் அங்கே பிறவியிலேயே தொட்டுக்கொண்டிருக்கின்றன. முகப்புத் தகட்டில் வெண்பூப்பைக் கண்டால், உள்ளே ரீட் தட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். பார்க்கலாம், மினுக்கக் கூடாது. பசையும் தண்ணீரும் எண்ணெயும் அங்கே படக் கூடாது. நாக்கின் நுனியில் சிறிது உலோகம் தேய்ந்தால் சுரம் ஏறும், அடியில் தேய்ந்தால் இறங்கும். துருவை எடுக்கிறேன் என்று தேய்ப்பவர் சுருதியையும் சேர்த்து எடுத்துவிடுகிறார். மென்மையான உலர்ந்த தூரிகையால், நாக்கின் அடியிலிருந்து நுனி நோக்கி, பொடியைத் தட்டிவிடுவதே நான் செய்த வேலை. ரீட் தட்டுகளில் மினுக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய தேவையும் இல்லை.

மெருகிட்ட அலுமினியத்தை அப்படியே விட்டால் எங்கள் காற்றில் ஓராண்டுக்குள் பழைய நிலை வந்துவிடும். ஆகவே வாகனங்களுக்குப் பூசும் கார்னோபா மெழுகை மிக மெல்லிதாக ஒருமுறை பூசி, காய்ந்த பின் துடைத்தேன். நிறமற்ற வார்னிஷ் அடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள்; அதன் அடியில் ஒரு துளி உப்பு அகப்பட்டால் நூல் நூலாக அரிப்பு ஓடும், பிறகு வார்னிஷை உரித்துத்தான் திருத்த வேண்டும். மெழுகு தேய்ந்தால் இன்னொருமுறை பூசலாம். ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் ஐப்பசி மழைக்கு முன்பும், அதைச் செய்வதாக வைத்துக்கொண்டிருக்கிறேன். தகட்டைத் திரும்பப் பூட்டும்போது பின்புறம் புதிய மெல்லிய துணியை இட்டு, விளிம்பின் அடியில் கம்பளிப் பட்டி ஒன்றை வைத்தேன். அது இல்லாவிட்டால் தாழ்ந்த சுரங்களில் தகடு அதிர்ந்து சிணுங்கும்.

பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கேடு தொடங்கியது அங்கேதான். பழைய உட்துணியைக் கிழித்தெறிந்துவிட்டேன். உப்பை இருபது ஆண்டு குடித்த துணி அது. செலுலொயிட் என்பது நைத்திரோசெலுலோசும் கற்பூரமும் சேர்ந்த பொருள். முதுமையில் அது சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிடும், காற்றோட்டமற்ற பெட்டிக்குள் அந்த ஆவி அருகிலுள்ள உலோகத்தைத்தான் முதலில் தாக்கும். ஆகவே பெட்டியைச் சிலிக்கா ஜெல் பொதிகளோடு சீமெந்துத் தரையில் அல்லாமல் பலகைமேல் வைத்து, கிழமைக்கு ஒருமுறையாவது திறந்து வாசிக்கிறேன். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அதை விட்டுச் செல்வதில்லை. ரீட் தட்டுகளை இருக்கையில் பிடித்திருக்கும் தேன்மெழுகு 62 பாகை செல்சியஸை அண்டியே உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும்.

எல்லாம் பூட்டி முடித்த மாலையில் மாமியிடம் கொண்டுபோனேன். அவர் தகட்டைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, நெற்றியில் விழுந்திருந்த நரைமயிரை ஒதுக்கிக்கொண்டார். பிறகு வாசிக்கச் சொன்னார். மேல் ஸ்தாயியில் இரண்டு சுரங்கள் துருத்தியை மூடும்போது ஒலிக்கவில்லை. மறுநாள் திறந்து பார்த்ததில், ஒன்றின் துளையில் வெண்பொடி ஒரு பொட்டாக நின்றது. தூரிகை பட்டதும் அது பேசத் தொடங்கிவிட்டது. மற்றதில் நாக்கின் ஆணியடியிலேயே பூப்பு எழும்பியிருக்கிறது. அதை நான் தொடவில்லை. தட்டைக் கழற்றி மீண்டும் மெழுகிடத் தெரிந்தவரிடம் கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன். அதுவரை, மாமி கேட்கும் நத்தார்ப் பாட்டில் அந்தச் சுரம் வரும் இடத்துக்கு ஓர் அடி முன்பாகவே துருத்தியைத் திருப்பிக்கொண்டு, அதை விரித்தே வாசிக்கிறேன்.